அறுநூற்றுப் பன்னிரண்டு வாக்கியம்

டீச்சர் வாயைத் திறந்தால் பிரேக் பிடிக்காது என்று தெருவே சொல்லும். ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளுக்கே பிரேக் இல்லையா என்று அவள் புருஷன் கேட்பார். கேட்டுவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார். இருபத்திரண்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, "கிளட்ச விடாதீங்க, மெதுவா, மெதுவா... விட்டாச்சா? நல்லா இருங்க!" என்று கத்திக் கத்தியே பாதி ஊரை ரோட்டுக்கு அனுப்பியவள். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரன் கண்ணாடியை இறக்கி, "டீச்சர், நான் உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்" என்பான். "கோட்டைத் தாண்டி நிக்கிறீங்களே, அதை வெளிய சொல்லாதீங்க" என்பாள்.

புருஷனை எல்லாரும் காயில்காரர் என்பார்கள். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, உள்ளே கருகிக் கிடக்கும் செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பியைக் காயில் காயிலாகச் சுற்றி இறக்கி, மெழுகு தடவிய நூலால் இழுத்துக் கட்டி, வார்னிஷில் முக்கிச் சூடு காட்டிக் கொடுப்பது தொழில். தண்ணீர் மோட்டார், மாவு மில் மோட்டார், ஃபேன் என்று எது வந்தாலும் வீட்டு முன்னறைப் பட்டறையில்தான் வேலை. அவருடைய நூல் கட்டு பேர் போனது. விரற்கடைக்கு ஒரு முடிச்சு, எல்லா முடிச்சும் ஒரே இழுப்பு. மோட்டாரை மூடிவிட்டால் அந்தக் கட்டை எவனும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் அது கோணலாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

பேச்சு அவருக்குக் கம்மி. பேச வேண்டியதையெல்லாம் அவளே பேசிவிடுவதால் அவருக்கென்று மிச்சம் இருந்ததில்லை. கிட்டத்தில் பார்க்கும் வேலைக்குக் கண்ணாடி போடுவார், எழுந்திருக்கும்போது அதை நெற்றிக்கு ஏற்றிவிடுவார், அப்புறம் வீடெல்லாம் தேடுவார். இழுப்பறை திறக்கும் சத்தத்தை வைத்தே அடுக்களையிலிருந்து குரல் வரும்.

"ஏங்க, கண்ணாடி நெத்தியில இருக்கு!"

முப்பது வருஷத்தில் இது எத்தனை ஆயிரம் தடவையோ, யார் கண்டது.

போன கோடையில்தான் ஆரம்பித்தது. "ரிவர்ஸ்" என்ற சொல் டீச்சர் வாயில் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு வாரம் கழித்து "இண்டிகேட்டர்" போயிற்று. காலை ஏழு மணி வகுப்புக்கு வரும் பெண்ணின் அப்பா, ஸ்கூல் முதலாளியிடம் போய், டீச்சர் காலையிலேயே தண்ணி போட்டுவிட்டு வருகிறார் என்று புகார் சொல்லிவிட்டார். டீச்சர் வீட்டுக்கு வந்து, "என்னைப் பாத்து! நான் இருமல் மருந்தே மூடியில அளந்து குடிக்கிறவ!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் ஒரு மாதிரி நீண்டு, நிறுத்த முடியாமல் போனபோதுதான் காயில்காரர் பட்டறையை மூடிவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

நாலு ஆஸ்பத்திரி ஏறி இறங்கினார்கள். கடைசி டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கின் ஓரத்தில் சதை சின்னச் சின்னதாகத் துடித்துக்கொண்டிருந்தது. தசையை ஆட்டுவிக்கிற நரம்பு பட்டுப்போகிற வியாதி, நாக்கில் தொடங்கியிருக்கிறது, தொண்டைக்கும் கைக்கும் வரும், நிறுத்த மருந்து கிடையாது என்றார். எப்பேர்ப்பட்ட மோட்டாரையும் "பாத்துடலாம், வச்சுட்டுப் போங்க" என்றே சொல்லிப் பழகின மனுஷன், டாக்டர் மேசையில் கிடந்த பேப்பர் வெயிட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அதைத் திருப்பி வைக்க மறந்து வெளியே வந்துவிட்டார். டீச்சர்தான் பிடுங்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் இருந்தாள். அவள் ஒளிக்காமல் சொன்னாள்.

"அம்மா, குரல் இருக்கும்போதே பதிஞ்சு வச்சுக்குங்க. ஐநூறு அறுநூறு வாக்கியம் இருந்தாப் போதும். பின்னாடி பேச்சு சுத்தமா நின்ன பிறகு, நீங்க எழுதினா கம்ப்யூட்டர் அதை உங்க குரல்லயே பேசும். இப்ப விட்டுட்டா அப்புறம் வராதும்மா. மழைக்கு முன்னாடி முடிச்சிருங்க."

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மகளுடையது. படிக்கிற காலத்தில் கேம் ஆடுவதற்கென்றே பார்த்துப் பார்த்துச் சேர்த்த பெட்டி. ஒன்பது வருஷம் ஆகிறது. முன்பக்கம் மூன்று விசிறி, அதில் ஒன்றுதான் இப்போது சிவப்பாக எரியும். மகள் வேலைக்கு வெளியூர் போனபோது தூக்க முடியாமல் விட்டுவிட்டுப் போனாள். அந்தப் பெட்டியின் வயிற்றைத் திறந்து தூசி தட்டியபோது உள்ளே கேபிள்கள் தாறுமாறாகக் கிடந்ததைக் காயில்காரரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பட்டறையிலிருந்து மெழுகு நூலைக் கொண்டுவந்து, அத்தனை கேபிளையும் பெட்டிக்குள் இருக்கும் தகட்டுக்குப் பின்பக்கமாக வளைத்து, மோட்டார் காயிலைக் கட்டுவதுபோல விரற்கடைக்கு ஒரு முடிச்சு போட்டுக் கட்டிவிட்டார். மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, "அப்பா! இதைக் கண்காட்சியில வைக்கலாம்ப்பா" என்றாள். அவருக்கு ஒரு வாரம் அந்தப் பேச்சே போதுமானதாக இருந்தது.

மைக் வந்தது. பயிற்சிப் பெண் கொடுத்த வாக்கியப் பட்டியல் வந்தது. உள்ளறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, தினமும் சாயங்காலம் நாலிலிருந்து ஐந்து வரை டீச்சர் பதிந்தாள். சத்தம் வரக் கூடாதென்று அந்த ஒரு மணி நேரமும் காயில்காரர் கம்பி சுற்றும் மெஷினை நிறுத்திவிடுவார். ஸ்டூலில் சும்மா உட்கார்ந்து சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"இன்று வானம் தெளிவாக இருக்கிறது" என்று உள்ளே குரல் கேட்கும். உடனே, "நான் எப்பங்க இப்படிப் பேசியிருக்கேன்? இதைக் கேட்டா பாப்பாவே யாரோன்னு நினைப்பா" என்று சுவரைத் தாண்டிச் சத்தம் வரும்.

"எழுதினதைப் படிம்மா."

"படிக்கிறேன். என்னோடதையும் சேத்துப் படிக்கிறேன்."

சொன்னபடி சேர்த்தாள். "கிளட்ச மிதிங்க, என்னை மிதிக்காதீங்க." "முதுகு அரிக்குது, அங்க இல்ல, கொஞ்சம் மேல, ஐயோ அது மேல இல்லீங்க." "பாப்பா, சாப்ட்டியா, பொய் சொல்லாத." "ஏங்க, கண்ணாடி நெத்தியில இருக்கு." கடைசியைப் பதிந்தபோது காயில்காரர் தன்னையறியாமல் நெற்றியைத் தடவிப் பார்த்தார். கண்ணாடி அங்கேதான் இருந்தது.

"எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்டார்.

"அப்புறம் உங்களைத் திட்ட ஆள் வேணாமா? நீங்க பாட்டுக்கு நிம்மதியா இருந்துட்டா?"

இரண்டு மாதத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு ஆயிற்று. கடைசி ஐம்பதில் நாக்கு தடுமாறியது. ஆனால் முந்தினதெல்லாம் மணி மாதிரி இருந்தது. மகள் வெளியூரிலிருந்து போனில் சொல்லச் சொல்ல, காயில்காரர் அந்தக் குரல் கற்கும் மென்பொருளை ஓட்டினார். அது குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ள வேண்டும், அதற்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும். ஒன்பது வருஷத்துப் பழைய கார்டு பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. மூன்று தடவை முயன்றார்கள், மூன்று தடவையும் அதே இடத்தில் நின்றது.

"கார்டுல மெமரி பத்தலப்பா. வேற கார்டு போட்டாத்தான் ஆகும். அதுக்குப் பவர் சப்ளையும் பெருசா வேணும்."

"பதிஞ்சதை வேற எதுலயாவது ஏத்தி வைக்கணுமா பாப்பா?"

"நான் அடுத்த மாசம் வர்றேன்ல, வந்து ஒரு காப்பி எடுத்துக்கிறேன். நம்ம வீட்டு நெட்டுல அனுப்பினா ஒரு வருஷம் ஆகும்" என்றாள். நியாயமான பேச்சுதான். அன்றைக்கு அது யாருக்கும் தப்பாகப் படவில்லை.

பழைய சாமான் விற்கும் கம்ப்யூட்டர் கடைக்காரர் பத்து நாள் அலைந்து ஒரு கார்டு பிடித்துக்கொடுத்தார். முழங்கை நீளம், செங்கல் கனம். பவர் சப்ளைப் பெட்டி புதிது. அதோடு சுருக்குப் பை ஒன்று, நிறையக் கேபிள். "கேபிளெல்லாம் இதுக்குள்ள இருக்குங்க, மாத்திருங்க" என்றார். காயில்காரர் தலையாட்டினார். "நான் வேணா வந்து போட்டுத் தரட்டுங்களா?" என்று கேட்டதற்கு மட்டும் அவருக்குச் சுருக்கென்றது. ஊரில் உள்ள மோட்டாரையெல்லாம் ஓடவைக்கிற ஆளிடம் கேட்கிற கேள்வியா அது? "பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, மழைக்குக் கார்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார்.

மழை பிடித்துக்கொண்டு பத்து நாள் ஆகியிருந்தது. பட்டறையில் தண்ணீர் ஏறின மோட்டார்கள் வரிசையாக நின்றன. ஈரத்தில் வார்னிஷ் காயவில்லை. இந்தப் பத்து நாளில் டீச்சரின் பேச்சும் அநேகமாகக் கரைந்துவிட்டது. உயிரெழுத்து மட்டும் நீண்டு வரும், மற்றதெல்லாம் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். உதட்டைப் பார்த்தால் காயில்காரருக்குப் பாதி புரியும். புரியாத பாதிக்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார்: "ஆமா ஆமா" என்பார். திரும்பத் திரும்பக் கேட்டால் அவளுக்குக் களைப்பு. கேட்டும் புரியாவிட்டால் அவருக்கு அழுகை. ஆமா ஆமா என்றால் இரண்டுமில்லை. பழகிவிட்டது.

மத்தியானம் டீச்சருக்குக் கஞ்சியை மாவு சேர்த்துக் கெட்டியாக்கி, புரை ஏறாமல் கரண்டி கரண்டியாகக் கொடுத்துவிட்டு, காயில்காரர் கூடத்துத் தரையில் கோணியை விரித்துக் கம்ப்யூட்டரைப் படுக்கவைத்தார். டீச்சர் பக்கத்து நாற்காலியில். வலது கை சரிந்து மடியில் கிடந்தது, இடது கையில் அந்தச் சுருக்குப் பை.

"பாத்தியா, எப்படிக் கட்டியிருக்கேன் பாத்தியா?" என்று பழைய கட்டைக் காட்டினார். ஒரு முடிச்சு தளரவில்லை.

பழைய பவர் பெட்டியிலிருந்து கேபிள்களைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை எடுத்தார். புதுப் பெட்டியை உட்காரவைத்துத் திருகினார். மதர் போர்டுக்குப் போகிற பெரிய கேபிளின் முனை புதுப் பெட்டியில் சேரவில்லை. அதனால் அந்த முடிச்சுகளை மனசில்லாமல் வெட்டி, பையிலிருந்து புதுக் கேபிளை எடுத்துப் போட்டார். கார்டுக்கான கேபிளும் புதுசு. மிச்சம், பதிந்ததெல்லாம் இருக்கிற ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற கேபிள். அது தகட்டுக்குப் பின்னால் முழ நீளத்துக்கு முடிச்சு முடிச்சாகக் கட்டியிருந்தது, அவர் கட்டியதிலேயே அழகான கட்டு. அதன் முனையைப் புதுப் பெட்டியின் ஓட்டையில் வைத்து அழுத்தினார். டக்கென்று அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது.

"ஜாடிக்கு மூடி! இதை எதுக்கு வெட்டணும்" என்றார்.

டீச்சர் ஏதோ சொன்னாள். அவர் பெட்டிக்குள் தலையைக் கொடுத்திருந்ததால் உதடு தெரியவில்லை. ஊ, ஏ, ஆ என்று மூன்று இழுப்பு கேட்டது.

"ஆமா ஆமா" என்றார்.

அவள் மறுபடி சொன்னாள், கொஞ்சம் நீளமாக. பையை ஆட்டினாள்.

"ஆமாம்மா, ஆமா. மிச்சம். எடுத்து வச்சுக்கலாம்."

மூன்றாம் தடவை அவள் சொன்னபோது எச்சில் புரை ஏறி இருமல் வந்துவிட்டது. எழுந்து முதுகைத் தடவி, வாயைத் துடைத்துவிட்டு, "ஆச்சு, ஆச்சு, இப்பப் பாரு" என்று சுவிட்சைப் போட்டார்.

விசிறிகள் சுற்றின. கார்டின் மூன்று விசிறியும் சுற்றின. திரையில் படம் வந்தது. அவர் கையைத் தட்டப் போனார், தட்டவில்லை. மூக்குக்கு ஒரு வாசனை வந்தது. கருகின வாசனை எத்தனை வகை உண்டோ அத்தனையும் அந்த மூக்குக்குத் தெரியும். இது கடுகு அளவுதான், ஆனால் சந்தேகமில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு அப்படியே கோணியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுபடி போட்டபோது கார்டு இருந்தது, பவர் இருந்தது, திரை பளிச்சென்று இருந்தது. டிஸ்க் இல்லை என்று அந்தப் பளிச்சென்ற திரை சொன்னது.

மகள் போனில் முதலில் நிதானமாகத்தான் கேட்டாள்.

"அப்பா, டிஸ்க்குக்குப் போற கேபிள் எது போட்டீங்க? புதுப் பைல இருந்ததா?"

"பழசுதான் பாப்பா. நல்லாத்தானே கட்டியிருந்துச்சு. கரெக்டாச் சேந்துச்சு."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"பாப்பா?"

"அப்பா, ஒவ்வொரு கம்பெனிப் பெட்டிக்கும் உள்ள வயர் வர்ற வரிசை வேறப்பா. முனை சேரும், ஆனா வரிசை மாறியிருக்கும். அந்தப் பெட்டிக்கு அதோட வந்த கேபிள்தான்ப்பா போடணும். எல்லாமே."

அவர் மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தார். அஞ்சு வோல்ட் வர வேண்டிய கம்பியில் பன்னிரண்டு வந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு! நானூறு வோல்ட்டில் கை வைத்துப் பிழைத்தவர் அவர். பன்னிரண்டு வோல்ட்டை ஒரு மின்சாரமாகவே அவர் மதித்ததில்லை. அது அவள் குரலைக் குடித்துவிட்டுப் பேசாமல் நின்றது.

டீச்சரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. அவள் நாற்காலியிலேயே இருக்கிறாள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனாலும் அவள் முன்னால் போய் உட்கார்ந்து சொன்னார்.

"கேபிளை மாத்தாம விட்டுட்டேன்மா. அதான். என் கட்டு அழகா இருக்குன்னு விட்டுட்டேன்."

அவள் எழுதும் பலகையை இடது கையால் இழுத்தாள். கோணல்மாணலாக எழுத நேரம் பிடித்தது.

"அதைத்தான் கேட்டேன். பைல இன்னும் கேபிள் இருக்கே, போடலையான்னு. மூணு தடவை."

காயில்காரர் அதைப் படித்தார். ஆமா என்று சொல்ல வாய் வரவில்லை. பலகையைத் துடைக்கவும் கை வரவில்லை. அவளே புறங்கையால் துடைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாய் இருந்தால் அன்றைக்கு அவரை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். அப்படிப் பண்ண மாட்டாளா என்று ஏங்கிக்கொண்டு அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

கடைக்காரர் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்து, போர்டு போயிடுச்சு என்றார். அதே மாதிரி இன்னொரு டிஸ்க்கின் போர்டைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். டிஸ்க் சுற்றியது, டக், டக், டக் என்று உள்ளே எதுவோ தட்டிவிட்டு நின்றது.

"உள்ள படிக்கிற ஊசியும் போயிருக்குங்க. இதுக்கு மேல என் கையில இல்ல. பெரிய லேபுக்கு அனுப்புவோம்."

"எவ்வளவு நாளாகும்?"

"ஒரு மாசம். ஆனா சொல்ல முடியாதுங்க."

பட்டறைக்கு வருகிறவர்களிடம் தான் தினம் சொல்லும் பேச்சுதான் அது. இந்தப் பக்கம் நின்று கேட்க அது இப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

அந்த ஒரு மாதம் அவர் வேலை ஓடவில்லை. காயில் சுற்றினால் எண்ணிக்கை விட்டுப்போகும், பிரித்து மறுபடி சுற்றுவார். கட்டுவதற்கு நூலை எடுத்தால் கை நின்றுவிடும். "என்ன அண்ணே, இந்தத் தடவை கட்டு தொளதொளன்னு இருக்கு?" என்று மாவு மில்காரர் கேட்டதற்கு, "பிடிச்சா எடுத்துட்டுப் போங்க" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்து யாரும் கேட்டதில்லை. மில்காரர் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

டிஸ்க் திரும்பி வந்தது, கூடவே ஒரு காகிதம். டிஸ்க்கின் உள்தட்டில் கீறல் விழுந்துவிட்டது, எதையும் மீட்க முடியவில்லை, வருந்துகிறோம். காயில்காரர் டிஸ்க்கை மேசை மேல் வைத்தார். உள்ளங்கை அளவு இரும்பு. அதற்குள் "பாப்பா, சாப்ட்டியா" இருந்தது, முதுகு அரிப்பு இருந்தது, திட்டு அத்தனையும் இருந்தது. தட்டினால் இரும்புச் சத்தம்தான் வந்தது.

மகள் பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். வந்ததும் அம்மா மடியில் தலையை வைத்து, "நான் காப்பி எடுத்திருக்கணும்மா, சோம்பேறித்தனம், என் மேலதான் தப்பு" என்று அழுதாள். காயில்காரர், "இல்ல பாப்பா, என் மேல" என்றார். டீச்சர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பலகையில் எழுதினாள்: "ரெண்டு பேரும் சண்டை போட்டு முடிச்சுட்டுச் சொல்லுங்க. கஞ்சி ஆறுது."

மகளுக்கு ஒரு யோசனை. இருக்கிற குரலையாவது பதிவோம் என்றாள். பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் கேட்டார்கள். "களைப்பு வராம, ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம். அதுக்கு மேல வேண்டாம். வர்றது எப்படி வரும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள் அவள்.

மகள் பையிலிருந்த கேபிளைப் போட்டு ஒரு புது டிஸ்க் மாட்டினாள். மறுபடி போர்வை கட்டினார்கள். மறுபடி நாலு மணிக்குக் காயில்காரர் மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். சுவர் வழியாக வந்தது வாக்கியம் இல்லை, இழுப்பு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சு வாங்கும் சத்தம். மகளின் "போதும்மா, தண்ணி குடிங்க, மெதுவா." எட்டு நாளில் எழுபத்தியொன்று தேறியது. இந்தத் தடவை மகள் அதை மூன்று இடத்தில் காப்பி எடுத்தாள்.

புதுக் கார்டு பழி சொல்ல முடியாத கார்டு. காலையில் வேலையைக் கொடுத்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டது. மூன்று விசிறியும் ஒரே சீராகச் சுற்றின, சூடு கொஞ்சம்கூடக் காட்டவில்லை. நல்ல மோட்டார் ஓடுவதுபோல ஓடியது.

மகள் கீபோர்டை அம்மாவின் இடது கைக்குப் பக்கத்தில் வைத்து, "அம்மா, என்ன வேணா அடிங்க, இதை அழுத்துங்க" என்று காட்டிவிட்டு, "அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று உள்ளே போனாள். பால் எதுவும் அடுப்பில் இல்லை என்று மற்ற இரண்டு பேருக்கும் தெரியும்.

டீச்சர் ஒரு விரலால் எழுத்தெழுத்தாக அடித்தாள். பொத்தானை அழுத்தினாள்.

ஸ்பீக்கரிலிருந்து வந்தது அவள் குரல்தான். இப்போதைய குரல். கார்டு தனக்குக் கொடுத்ததை ஒரு இழை பிசகாமல் கற்றுக்கொண்டிருந்தது. ஆ, ஈ, ஏ என்ற இழுப்பு, தொண்டைக்குள் நின்றுபோகும் மெய்யெழுத்து, இடையில் அந்த மூச்சுகூட. உதடு இருந்தாலாவது பாதி புரியும். ஸ்பீக்கருக்கு உதடு இல்லை.

"ஆமா ஆமா" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காயில்காரர் அதைப் பல்லைக் கடித்து விழுங்கினார்.

"புரியலம்மா" என்றார். முப்பது வருஷத்தில் அவளிடம் அவர் சொன்னதிலேயே கஷ்டமான சொல் அதுதான்.

அவள் மறுபடி அழுத்தினாள். அதே இழுப்பு வந்தது.

"புரியல. கோச்சுக்காத. இன்னொரு தடவை."

மறுபடி.

"இரு, திரையில பாத்துப் படிக்கிறேன்" என்று எழுந்து கிட்டே போனார். எழுத்து கலங்கித் தெரிந்தது, கண்ணிலும் தண்ணீர். சட்டைப் பையைத் தடவினார். மேசை மேல் பார்த்தார், பலகைக்கு அடியில் பார்த்தார், பட்டறைக்கு ஓடி இழுப்பறையைத் திறந்தார். ஸ்பீக்கர் சுவர் வழியாகக் கத்தியது. திரும்பி வந்து அலமாரியைத் திறந்தார். டீச்சர் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். ஸ்பீக்கர் அதையே அதையே இழுத்தது. அவள் தோளில் மெல்ல ஒரு குலுங்கல். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இப்போதெல்லாம் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

"இரும்மா, இரு, இந்தக் கண்ணாடி எங்க போய்த் தொலைஞ்சுதுன்னு..."

பேச்சை அப்படியே நிறுத்தினார்.

ஸ்பீக்கர் இன்னொரு தடவை சொன்னது. காயில்காரர் கையை மெதுவாகத் தூக்கி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.